ரோபோவா, கையா?

பிப்ரவரி 3

இன்று என் வயிற்றுவலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. எண்டோமெட்ரியோசிஸ். பதினைந்து வயதில் வந்தது. எனக்கு இப்போது முப்பத்தாறு. இத்தனை வருடமும் பெயரில்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. பார்த்த டாக்டர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சூடு. கல்லூரியில் அல்சர். வேலைக்குச் சேர்ந்ததும் கேஸ். கல்யாணத்துக்கு முன் பார்த்தவர் கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார். கல்யாணத்துக்குப் பின் பார்த்தவர் குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். குழந்தை பிறக்கவில்லையே என்று போய் நின்றபோது, மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார் மூன்றாமவர். அவர் எழுதிக்கொடுத்த சத்து டானிக் மட்டும் நல்ல ருசி.

டாக்டர் உமாமகேஸ்வரி எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பைக்குள் இருக்கும் சவ்வு மாதிரியே ஒன்று வெளியில் கண்ட இடத்தில் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் அதுவும் கசிகிறது. வெளியேற வழியில்லாததால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பசை போல ஒட்டி வைத்திருக்கிறது. கர்ப்பப்பையும் மலக்குடலும் ஒன்றோடொன்று ஒட்டியாயிற்று. இரண்டு சினைப்பையிலும் கட்டி. அந்தக் கட்டிக்குச் சாக்லேட் கட்டி என்று பெயராம். பெயர் வைத்தவருக்கு மாதவிலக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

நான்காம் நிலை என்றார். ஐந்து உண்டா என்று கேட்டேன். இல்லையாம். வாழ்க்கையில் முதல்முறையாக எதிலோ முதலிடம்.

கூட வந்த என் கணவர் ஈஸ்வரமூர்த்தி மின்வாரியத்தில் பொறியாளர். கடைசி வரை தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு ரோபோ இருக்குங்களா மேடம்?"

பிப்ரவரி 4

மாமியார் காலையிலேயே கூட்டம் போட்டுவிட்டார். கூட்டத்தில் அவரும் நானும் மட்டும்.

"கர்ப்பப்பை கிர்ப்பப்பைன்னு வெளிய சொல்லிட்டு இருக்காத அம்மிணி. ஒறம்பரை சனமெல்லாம் கேட்டா ஹெர்னியான்னு சொல்லிக்கலாம்."

"ஹெர்னியா ஆம்பளைங்களுக்குத்தானுங்க அத்தை அதிகமா வரும்."

"அதனாலதான் சொல்றேன். கௌரவமா இருக்கும்."

ஆக, நான்காம் நிலை கௌரவமான ஹெர்னியா.

ரோபோ என்றால் என்ன என்று மகனிடம் விசாரித்தார். அது நடந்து வருமா, நின்றுகொண்டே செய்யுமா, ஆணா பெண்ணா என்று சந்தேகம். ரோபோவுக்கு ஆண், பெண் கிடையாது என்று இவர் சொன்னதும் நிம்மதியாகக் காபி குடித்தார்.

இவருக்கு எந்திரங்கள் மேல் ஒரு பக்தி. போன வருடம் தரை துடைக்கும் ரோபோ ஒன்று வாங்கினார். அது நேராகக் கட்டிலுக்கு அடியில் போய் என் பழைய செருப்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவ்வளவாகப் படுக்கையறைக்கு வராதவர் அன்று அதை மீட்பதற்காக வந்தார். ஏ.சி. ஒத்துக்கொள்ளாததால் அவர் நான்கு வருடமாக ஹாலில்தான் படுக்கிறார்.

இன்று சாம்பாரில் உப்பு அதிகம்.

பிப்ரவரி 8

லீவு போட்டுவிட்டு ரோபோ இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்று எழுத வேண்டாம். கோயமுத்தூரில் சுவர் இருக்கும் இடமெல்லாம் அவர்கள் விளம்பரமும் இருக்கிறது.

வரவேற்பில் ஒரு பெண் எங்களை உட்காரவைத்து வீடியோ போட்டார். நான்கு கைகள் கொண்ட எந்திரம் ஒரு திராட்சைப்பழத்தின் தோலைத் தைத்தது. இவர் சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். தையல் நன்றாகத்தான் இருந்தது. அந்தத் திராட்சைக்கு மலக்குடல் ஒட்டியிருக்கவில்லை.

"வலியே இருக்காதுங்க மேம். அடுத்த நாளே நீங்க டான்ஸ் ஆடலாம்."

"இதுக்கு முன்னாடியே ஆட மாட்டேங்க. இங்க, குடலோட ஒட்டுன கேஸ் எத்தனை செஞ்சிருக்காங்க?"

"உலகம் பூரா லட்சக்கணக்கா செஞ்சிருக்கு மேம்."

"உலகம் வேண்டாங்க. இந்தக் கட்டடத்துல, எனக்குச் செய்யப்போற டாக்டர் எத்தனை செஞ்சிருக்காரு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மறுபடி திராட்சையைப் போட்டார்.

நான் கணபதியில் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறேன். பதின்மூன்று வருடமாக என் வேலை, அளந்து பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது. உலகத்தில் எத்தனை லேத் நன்றாக ஓடுகிறது என்று எங்களிடம் யாரும் சொல்ல முடியாது. இந்த லேத், இந்த ஆள், இந்த வாரம் எத்தனை கழிவு என்றுதான் கேட்பேன்.

வெளியே வந்ததும் இவர், "நீ எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ற" என்றார்.

"என்ற வேலை அதுதானுங்களே."



பிப்ரவரி 11

மறுபடி டாக்டர் உமாமகேஸ்வரி. அங்கேயும் ஒரு ரோபோ வந்திருக்கிறதாம். இவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"ரெண்டும் சாவித்துவார ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். "வயித்துல சின்னச் சின்ன ஓட்டை, கேமரா, நீளக் கருவி. சாதாரண முறையில கருவியை நான் கையில புடிச்சுட்டு நிப்பேன். ரோபோன்னா நாலடி தள்ளி உக்காந்துட்டு, நான் அசைக்கிறதை அது உள்ள அசைக்கும். தானா ஒண்ணும் செய்யாது. முன்ன பின்ன ஆனாலும் திட்டு எனக்குத்தான்."

"அப்ப எதுங்க மேடம் பெட்டர்?" என்றார் இவர்.

"தெரியாதுங்க."

இவர் சரியாகக் கேட்கவில்லை என்பது போலக் குனிந்தார்.

"இவங்களுக்கு இருக்கற அளவு தீவிரமானதுல எது நல்லதுன்னு எனக்கு உறுதியாத் தெரியாது. ரோபோவுல கருவியோட மணிக்கட்டு நல்லா வளையும், படம் ஆழமாத் தெரியும். ஆனா நேரம் கூட ஆகலாம். இப்போதைக்கு உறுதியா நன்மைன்னா என் முதுகுக்குத்தான். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ஆய்வு நடத்தறோம். சேர்ந்தா, ரோபோவா கையான்னு கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி எடுக்கும். நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. எப்படிச் செஞ்சோம்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் உங்களுக்குச் சொல்வோம்."

பிறகு கெட்ட செய்தியையும் அதே குரலில் சொன்னார். மலக்குடலில் ஒரு துண்டை வெட்டி இணைக்க வேண்டிவரலாம். அந்த இணைப்பு ஆறுகிற வரை சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு பை மாட்டவேண்டி வரலாம். மூன்று மாதம். எந்த முறையானாலும்.

இவர் முகத்தில் விளக்கு அணைந்தது.

இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லிக் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை. சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர், "உன்னைய வெச்சுச் சீட்டுக் குலுக்கறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணத்துக்கு என் ஜாதகத்தையும் இப்படித்தான் பூப்போட்டுப் பார்த்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். முன்னால் மாட்டுவண்டி போனதால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

ஆய்வுக்கான நர்ஸ் ஃபர்ஹானா தினமும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். இன்று எட்டு. ஆறுக்கு மேல் போனால் லீவு எடுக்கலாமே என்றாள் போனில். எட்டில்தான் பதின்மூன்று வருடமாகப் பம்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாப்பா.

பிப்ரவரி 15

ஆய்வுப் படிவம் நிரப்பப் போனோம். பன்னிரண்டு பக்கம். தமிழில்தான் இருந்தது, எந்த ஊர்த் தமிழ் என்றுதான் தெரியவில்லை. 'தங்களது மலம் கழித்தல் நிகழ்வுடன் தொடர்புடைய அசௌகரியம்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே எனக்கு முழுப் பக்கம் தேவைப்பட்டது.

ஒன்பதாம் பக்கத்தில், 'தாம்பத்திய ஈடுபாட்டின்போது உணரப்படும் வலியின் அளவு'. பத்தைச் சுழித்தேன். எப்போதிருந்து என்ற இடத்தில், முதலிலிருந்து என்று எழுதினேன். மருத்துவரிடம் கூறியதுண்டா: இல்லை. துணைவரிடம் கூறியதுண்டா என்பதற்கு ஒரு தடவை என்று எழுதினேன்.

சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று ஃபர்ஹானா படிவத்தை இவரிடம் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். கையெழுத்து கடைசிப் பக்கத்தில்தான். ஆனால் மின்வாரியத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் சஸ்பெண்ட் ஆகிவிடுவார்கள். முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். நான் எதிர்ச் சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரைப் படித்தேன். நல்ல தகவல்கள்.

பிறகு கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்துக்கு அடியில் அவர் எப்போதும் இழுக்கும் கோடு இல்லை.

பிப்ரவரி 16

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்கிறது. மெக்கானிக் நாளை வருகிறாராம்.

பிப்ரவரி 17

மெக்கானிக் வந்தார். குழாயில் ஒரு கால்சட்டைப் பொத்தான் மாட்டியிருந்தது. வீட்டில் இன்று என்னோடு பேசியவர் அவர் மட்டும்தான்.

பிப்ரவரி 19

காலையில் இவர் தானாக உழவர் சந்தைக்கு வருகிறேன் என்றார். இவருக்கு வெண்டைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. சரி, பேசப்போகிறார் என்று புரிந்தது. வீட்டில் அவர் அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கத்தரிக்காய்க் குவியலுக்கு முன் நின்றோம்.

"எனக்கு ஏ.சி. ஆகும் ரஞ்சி" என்றார்.

நான் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இருந்தது. கீழே போட்டேன்.

"என்னைய உனக்குப் புடிக்கலைன்னு நெனச்சுட்டேன். பக்கத்துல வந்தாலே நீ பல்லக் கடிச்சுட்டு படுத்திருப்ப. கட்டி வெச்சுட்டாங்க, வேற வழியில்லாம இருக்கறான்னு நெனச்சேன். ஒம்போது வருசம்."

"ம்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்க. மொத மாசம். எல்லாத்துக்கும் மொதல்ல அப்புடித்தான் இருக்கும்னு உங்க சினேகிதன் சொன்னாருன்னு சொன்னீங்க."

அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்து அதே குவியலில் திரும்ப வைத்தார். அந்தச் சினேகிதன் இன்னும் கல்யாணமே ஆகாதவர் என்பது அவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எடை போட்டுரட்டுங்களா?" என்றார் கடைக்கார அக்கா.

"போடுங்க" என்றார் இவர். மொத்தத்தில் பாதிக்கு மேல் சொத்தைக் காய். நான் ஒன்றையும் கழிக்கவில்லை.

நேர்மையாக எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். அவர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எப்போதோ தெரியும். திருத்தவில்லை. பிடிக்காத பெண்டாட்டி என்றால் ஒரு ஆள் தானாக ஹாலுக்குப் போய்விடுவார். வலிக்கிற பெண்டாட்டி என்றால் டாக்டர், ஜோசியர், அத்தை, சினேகிதன் என்று எல்லோரும் அறைக்குள் வருவார்கள். எது வசதியோ அதை எடுத்துக்கொண்டேன். அவர் வருத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து நான்கு வருடம் நன்றாகத் தூங்கினேன்.

தக்காளி விலை குறைந்திருக்கிறது.

மார்ச் 8

இன்று மருத்துவமனையில் சேர்ந்தேன், நாளை ஆபரேஷன். குலுக்கல் முடிந்துவிட்டதாம். ஃபர்ஹானாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

குடலைச் சுத்தம் செய்ய இரண்டு லிட்டர் மருந்து குடிக்கக் கொடுத்தார்கள். எலுமிச்சை வாசனையில் சோப்புத் தண்ணீர். பத்து தடவை ஓடினேன். கழிவறை வாசலில் இவர் துண்டோடு நின்றார். எதற்குத் துண்டு என்று கேட்டேன். தெரியவில்லை, கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் போல இருந்தது என்றார்.

மாமியார் போனில், "ரோபட்டே கெடைக்கோணும்னு வேண்டியிருக்கேன்" என்றார். எந்தச் சாமிக்கு இந்த இலாகா என்று கேட்கவில்லை.

பயமில்லை.

மார்ச் 9

பயமாக இருக்கிறது. கூப்பிடுகிறார்கள்.

மார்ச் 12

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. ஆறரை மணி நேரம் நடந்ததாம். கண் விழித்ததும் முதலில் கை வயிற்றின் வலது பக்கம் போனது. பை இருந்தது.

டாக்டர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் பிரித்தாயிற்று, கட்டிகளை எடுத்தாயிற்று, குடலில் எட்டு சென்டிமீட்டர் வெட்டி இணைத்தாயிற்று என்றார். கர்ப்பப்பையை எடுக்கவில்லை. இணைப்பு மிகவும் கீழே இருப்பதால் பை. மூன்று மாதம் கழித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

"நல்லா நடந்துச்சுங்களா?" என்றேன்.

"நல்லா நடந்துச்சு."

அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்று இவரிடம் சொன்னேன். கண்ணுக்கு யாரும் மருந்து போடவில்லை. அவர் நம்பிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

மார்ச் 14

மாமியார் வந்தார். போர்வையை விலக்கிப் பையைப் பார்த்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எனக்காக மனம் உருகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஹெர்னியாவுக்கு இப்புடிப் பை வெக்க மாட்டாங்களே அம்மிணி. இனி நான் என்னன்னு சொல்றது?"

சிரித்ததில் தையல் எல்லாம் இழுத்தது. வலி ஒன்பது. இந்த மாதத்தின் அதிகபட்சம் மாமியாரால்.

மார்ச் 17

வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர், யாரும் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, ஆய்வில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானாம். இன்று மாற்றும்போது இவரை ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவரச் சொல்லி ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்தேன். ஃபர்ஹானா பார்த்துவிட்டாள்.

"அக்கா, அளக்காதீங்கக்கா. ஆய்வு கெட்டுரும்."

அளவுகள் ஒழுங்கில்லை. எந்திரம் இப்படிக் கோணலாகப் போடாது. கைதான். நான் எழுதித் தருகிறேன், கைதான்.

இவரும் ஒத்துக்கொண்டார். "கையில செஞ்சதாலதான் பை வந்துருச்சு" என்றார். "ரோபோவா இருந்திருந்தா வந்திருக்காது." இனி ஆறு மாதத்துக்கு வீட்டில் இதுதான் பஜனை.

ஏப்ரல் 2

வீடு. பை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் வாயைக் குடல் முனையின் அளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். பெரிதானால் தோல் வெந்துவிடும், சிறிதானால் குடலை அறுக்கும். முதல் இரண்டு தடவை நானே செய்தேன். இரண்டும் ஒழுகின. என் வேலையை நானே கழிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது தடவை இவர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தார். இருபத்தெட்டு மில்லிமீட்டர். வெட்டினார். சுற்றிலும் வெந்நீரில் துடைத்து, ஊதிக் காயவைத்து, ஒட்டி, உள்ளங்கையை ஐந்து நிமிடம் மேலே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சூடு பட்டால்தான் ஒட்டுமாம், நர்ஸ் சொன்னாராம்.

"நாத்தம் அடிக்குதுங்களா?"

"டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கு இது பரவால்ல."

ஐந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். அவர் கை என் வயிற்றின் மேல் அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. நான் பல்லைக் கடிக்கவில்லை. இதைப் படிவத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

வெட்டிய வட்டத்தைப் பிறகு சோதித்தேன். கழிக்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20

பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமியார் எனக்குக் குடலில் கல் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய கல் என்று அவர் என்னிடம் கேட்டார். நெல்லிக்காய் அளவு என்றேன். ஒரு தடவை சொன்னால் பின்வாங்கக்கூடாது.

அதே மாமியார்தான் மூன்று வேளையும் சாதத்தைக் குழைய வடித்துப் பிசைந்து தருகிறார். பையில் என்ன வருகிறது, தண்ணீராக வருகிறதா, கெட்டியாக வருகிறதா என்று வெட்கமில்லாமல் விசாரிக்கிறார். கர்ப்பப்பை என்ற சொல்தான் வாயில் வராது.

மே 6

சம்பளமில்லா விடுப்பில் வீட்டில். என் இடத்தில் போட்டிருக்கும் ஆள் எல்லாவற்றையும் பாஸ் செய்துகொண்டிருக்கிறானாம். பம்பு வாங்கும் விவசாயிகளுக்காகக் கவலைப்படுகிறேன்.

ஜூன் 16

குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். பை இல்லை. மருத்துவமனையில் இன்று காற்றுப் பிரிந்தது, குடல் வேலையைத் தொடங்கிவிட்டதாம். டாக்டர், நர்ஸ், இவர், எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தபோதுகூட என்னை இப்படி யாரும் பாராட்டவில்லை.

ஜூலை 22

வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம். வலி இரண்டு. மாத்திரையால் மாதவிலக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திரும்ப வளரலாம், குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு என்றால் என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மற்ற பெண்கள் இப்படித்தான் நடமாடிக்கொண்டிருந்தார்களா? இத்தனை வருடமும் நான் சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

அறையில் ஏ.சி. இருபத்தாறில் ஓடுகிறது. இவருக்கு இருபத்திநாலு வேண்டுமாம். தகராறு.

செப்டம்பர் 9

ஆறு மாதம். ரோபோவா, கையா என்று சொல்லும் நாள். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோபோ."

இவர் உட்கார்ந்த இடத்திலேயே சிறுத்துவிட்டார். எந்திரத்தைப் பிடிக்காதவளும் நான்தான், அளந்து பார்த்துத் தப்பாகச் சொன்னவளும் நான்தான். பதின்மூன்று வருட அனுபவம், ஸ்டீல் ஸ்கேல், எல்லாம் வீண்.

"அப்புறம் ஏனுங்க மேடம் பை வந்துச்சு?" என்றார் இவர். ஆறு மாதப் பஜனையை எப்படி முடிப்பது என்று தெரியாத குரல்.

"கையில செஞ்சிருந்தாலும் அநேகமா பை வெச்சிருப்பேன். வெட்டு அவ்வளவு கீழ. அதை முடிவு பண்ணுனது நோவு, கருவி இல்ல."

"கையா இருந்தா நேரம் கம்மியாயிருக்குமா?" இது நான்.

"இருக்கலாம். உங்க ஒருத்தரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேர் வரணும். எல்லாத்தையும் எண்ணிட்டுச் சொல்றேன்."

"அப்ப இன்னைக்கும் தெரியாதுங்களா?"

"இன்னைக்கும் தெரியாது."

படியிறங்கும்போது, "இருபது வருசம் முன்னாடியே வந்திருந்தா ரோபோவும் வேண்டியதில்ல, பையும் வேண்டியதில்ல" என்று ஃபர்ஹானா மெதுவாகச் சொன்னாள். வந்தேன், பாப்பா. வெவ்வேறு வாசலில் வந்துகொண்டேதான் இருந்தேன்.

மாமியாருக்குப் போன் செய்து ரோபோ என்று சொன்னோம். வேண்டுதல் பலித்துவிட்டது. ரோபோவே வந்து செய்த ஹெர்னியா என்று இப்போது ஊருக்கே தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 11

அன்னூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் இவருடைய பெரியப்பா நாச்சிமுத்து. அவர் பேசினால் மண்டபம் முழுக்கக் கேட்கும், மைக் தேவையில்லை.

"ஏம்ப்பா ஈஸ்வரா, ஹெர்னியாவுக்கு ரெண்டு ஆபரேசனாமா? ஆறு மாசமாமா? என்ற சம்பந்தி ஒரே நாள்ல முடிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு ஒடம்புல வலுவே இல்ல."

மாமியார் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் நாக்கில் நல்லதாக ஒன்று வந்து நின்றது. அதற்குள் இவர் பேசிவிட்டார்.

"ஹெர்னியா இல்லீங் பெரியப்பா. எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையும் குடலும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இருவத்தோரு வருசமா வலி. ஒம்போது வருசம் நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்கே தெரியலை. அவளுக்குப் பக்கத்துல போறதே வலிதான்னு தெரியாம, என்னையப் புடிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

சாதாரணமாக, மின்தடை அறிவிக்கிற குரலில் சொன்னார். பந்தியில் ஒருவரும் வாயில் வைத்ததை மெல்லவில்லை. ரசம் ஊற்றுகிறவர் மட்டும் ரசம், ரசம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பாவுக்குப் புரையேறியது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதைச் சொல்ல என்னைக் கேட்டாரா என்று கோபமும் வந்தது. ஆனாலும் ரசம் வாங்கிக்கொண்டேன்.

கை கழுவும் இடத்தில் பெரியம்மா வந்து நின்றார். நாச்சிமுத்து பெரியப்பாவின் மனைவி. அவர் கணவர் பேசும் வீட்டில் அவருக்குப் பேச நேரமே கிடைத்ததில்லை. குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டார்.

"அம்மிணி, பக்கத்துல போறதே வலின்னு ஈஸ்வரன் சொன்னானே. அப்புடியெல்லாம் நெசமாவே இருக்குமா?"

"இருக்குமுங்க."

"என்ற மருமவ அபிநயா கோபியில அவங்க அம்மா வீட்டுலதான் இருக்கறா. எட்டு மாசமாச்சு. பையனைப் பக்கத்துல விடமாட்டேங்கறா, வேற எவனோ மனசுல இருக்கறான்னு எங்க வீட்டுக்காரரு பேசி அனுப்பிச்சுட்டாரு. அடுத்த வாரம் வக்கீலப் பாக்கறாங்க." முந்தானையில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "மாசத்துல நாலு நாள் அந்தப் புள்ள கதவடச்சுட்டுப் படுத்திருக்கும். நான் திட்டியிருக்கறேன்."

நம்பரைக் கேட்டேன். மனப்பாடமாகச் சொன்னார்.

மண்டபத்துக்குப் பின்னால் காரை நிறுத்தியிருந்தோம். உள்ளே உட்கார்ந்து போன் போட்டேன். இவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"யாருங்க?"

"நான் ரஞ்சிதம். ஈஸ்வரமூர்த்தி சம்சாரம். உன்ற கல்யாணத்துல பாத்திருப்ப."

"என்னையச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாக்கா?"

"இல்ல கண்ணு. நீ அங்கியே இரு. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும், இஷ்டமிருந்தாச் சொல்லு. உனக்கு எங்கியாச்சும் வலிக்குதா?"

நாதஸ்வரக்காரர்கள் சாப்பிட்டு முடித்து வேனில் மேளத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் இருங்க்கா" என்றாள் அபிநயா. "கதவச் சாத்திட்டு வந்தர்றேன்."